திரவ பிரேக்கின் நாடி



சைக்கிள் வாங்கச் செல்லும் ஒருவர் கடைக்காரரிடம் அது எத்தனை கியர் உடையது, எவ்வளவு எடை, எவ்வளவு வேகம் போகும் என்றெல்லாம் கேட்கிறார். அது எப்படி நிற்கும் என்று கேட்பவர் மிகச் சிலரே. ஓட்டம் நம் காலின் வலிமையைப் பொறுத்தது. நிற்பதோ பெரும்பாலும் கருவியைப் பொறுத்தது. ஆகவே நிறுத்தும் கருவியைப் பற்றி ஓரளவேனும் அறிந்திருப்பது சைக்கிளில் ஏறும் ஒவ்வொருவருக்கும் அவசியமாகும். அதிலும் அண்மை ஆண்டுகளில் சாலைச் சைக்கிள்களில் பரவியுள்ள திரவ டிஸ்க் பிரேக்கைக் குறித்து இன்று சில வார்த்தைகள் கூற விரும்புகிறோம்.

நம் தந்தையர் காலத்துச் சைக்கிளில் இரும்புக் கம்பிகளே பிரேக்கை இயக்கின. பிடியை இழுத்தால் கம்பி அசைவதும், ரப்பர்க் கட்டை சக்கரத்தின் விளிம்பைப் பற்றுவதும் கண்ணுக்குத் தெரிந்தன. பின்னர் மெல்லிய கம்பிவடம் வந்தது. அதிலும் வடம் தளர்ந்தால் இறுக்குவோம். கட்டை தேய்ந்தால் மாற்றுவோம். பத்து வயதுப் பையனும் அதைச் செய்துவிடுவான். திரவ பிரேக்கிலோ கண்ணுக்குத் தெரிவது ஒரு கறுப்புக் குழாய் மாத்திரமே. உள்ளே நடப்பது தெரியாத காரணத்தால் இருவகைத் தவறுகள் நேருகின்றன. சிலர் அதைத் தொடவே அஞ்சி, கோளாறு முற்றும் வரையில் விட்டுவிடுகின்றனர். வேறு சிலர் பழைய பிரேக்கின் வழக்கங்களை இதற்கும் கையாண்டு, இல்லாத கோளாற்றை உண்டாக்கிவிடுகின்றனர். இவ்விரண்டு தவறுகளையும் நாமே செய்திருக்கிறோம் என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறோம்.

இதன் அடிப்படை மிகப் பழையது. மூடிய கலத்திலுள்ள திரவத்தின் ஓரிடத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் குறையாமல் பரவும் என்னும் உண்மையைப் பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல் எடுத்துரைத்தார். அவருடைய நூல் அவர் மறைந்த மறு ஆண்டாகிய 1663இல் வெளிவந்தது. 1795இல் ஜோசப் பிரமா என்னும் ஆங்கிலேயர் இவ்வுண்மையைக் கொண்டு நீர் அழுத்த இயந்திரத்திற்குக் காப்புரிமை பெற்றார். 1920ஆம் ஆண்டுகளில் மோட்டார் வண்டிகளின் பிரேக்கில் இம்முறை புகுந்தது. சாலைச் சைக்கிளுக்கு இது வந்து சேர்ந்ததோ மிகவும் பிந்தி. சர்வதேசச் சைக்கிள் சம்மேளனம் சாலைப் பந்தயங்களில் டிஸ்க் பிரேக்கை 2015இல் சோதனையாக அனுமதித்தது. 2016 ஏப்ரலில் பாரிஸ்–ரூபே பந்தயத்தில் ஒரு வீரர் காலில் காயமுற்று, அதற்கு டிஸ்க் தட்டே காரணம் என்று கூறவே, சோதனை நிறுத்தி வைக்கப்பட்டது. 2017இல் அது மீண்டும் தொடங்கிற்று. 2018 ஜூலையில் முறையான அனுமதி கிடைத்தது. அதன் பின்னர் விலை மிகுந்த சாலைச் சைக்கிள்களில் விளிம்பு பிரேக் அரிதாகிவிட்டது.

இனி இதன் அமைப்பைப் பார்ப்போம். ஹாண்டில்பாரிலுள்ள பிரேக் பிடிக்குள் ஒரு சிறு பிஸ்டனும், திரவம் நிறைந்த ஒரு சிறு தொட்டியும் உள்ளன. அங்கிருந்து குழாய் புறப்பட்டு, சக்கரத்தின் நடுவருகே பொருத்தப்பட்ட காலிப்பர் என்னும் பகுதியை அடைகிறது. காலிப்பருக்குள் எதிரெதிராக இரு பிஸ்டன்களும், அவற்றின் முன்னே இரு பேட்களும் இருக்கின்றன. இரு பேட்களுக்கும் நடுவே சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் எஃகுத் தட்டுத்தான் டிஸ்க். சாலைச் சைக்கிளில் இதன் விட்டம் வழக்கமாக 140 அல்லது 160 மில்லிமீட்டர்.

பிடியிலுள்ள பிஸ்டன் சிறியது. காலிப்பரின் பிஸ்டன்கள் பெரியவை. பரப்பு நான்கு மடங்கானால் விசையும் நான்கு மடங்காகும். ஆனால் நகரும் தூரம் நாலில் ஒன்றாகச் சுருங்கும். இரு விரலால் இழுத்தாலே வண்டி நிற்பதன் இரகசியம் இதுவே. ஆனால் இதற்கு ஒரு விலையும் கொடுக்க வேண்டியிருக்கிறது. பேட்டுக்கும் டிஸ்க்குக்கும் இடையே உள்ள வெளி ஒரு மில்லிமீட்டரின் சில பத்தில் ஒரு பங்குகளே. ஆகவே சிறு பிசகும் பெரிதாகத் தெரிகிறது.

பிடியை விட்டவுடன் பேட்கள் விலக வேண்டுமல்லவா? காலிப்பரில் பிஸ்டன்களை விலக்கும் சுருள்வில் ஏதும் இல்லை. பிஸ்டனைச் சுற்றியுள்ள ரப்பர் வளையமே அந்த வேலையைச் செய்கிறது. பிஸ்டன் முன்னே செல்லும்போது வளையம் சற்று வளைந்து கொடுக்கிறது. அழுத்தம் நீங்கியதும் தன் பழைய வடிவத்திற்குத் திரும்பி, பிஸ்டனையும் உடன் இழுத்துக்கொள்கிறது. பேட் தேயத் தேயப் பிஸ்டன் வளையத்தினூடே சிறிது வழுக்கி முன்னேறுகிறது. இவ்விதம் இடைவெளி தானாகவே சரியாகிறது. இச்சிறு ரப்பர் வளையத்தை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னே நாம் கூறப்போகும் ஒரு நிகழ்ச்சிக்கு அதுவே காரணமாயிற்று.

கோளாறுகளை இனி ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம். வைத்தியர் மருந்துப் பெட்டியைத் திறக்குமுன் நாடி பார்க்கிறார். நாமும் ஸ்பேனரை எடுக்குமுன் பிடியை இழுத்துப் பார்த்து, சக்கரத்தைச் சுழற்றிக் காது கொடுத்துக் கேட்க வேண்டும்.

முதலாவது குறி, பிடி பஞ்சு போல் இருப்பது. நல்ல பிரேக்கில் பிடி சிறிது தூரம் இலேசாக வந்து, பேட் டிஸ்க்கைத் தொட்டதும் சுவரில் முட்டியது போல் உறுதியாக நிற்கும். அவ்வாறின்றி மேலும் மேலும் அமுங்கிக்கொண்டே போனால் குழாயினுள் காற்று புகுந்திருக்கிறது என்று பொருள். திரவம் சுருங்காது, காற்று சுருங்கும். நம் கையின் விசை பேட்டை நகர்த்துவதற்குப் பதிலாகக் காற்றுக் குமிழியை நெருக்குவதிலேயே வீணாகிறது. இதை உறுதிசெய்ய எளிய வழி ஒன்று உண்டு. பிடியை நான்கைந்து முறை விரைவாக இழுத்து விட வேண்டும். இழுக்க இழுக்கப் பிடி இறுகி, சற்று ஓய்ந்தபின் மறுபடியும் தளர்ந்தால் பெரும்பாலும் காற்றுதான்.

மாறாக, பிடியை இழுத்து அப்படியே பிடித்திருக்கும்போது அது மெல்ல மெல்லக் கீழே இறங்கிக்கொண்டு போனால், அது காற்றன்று; எங்கோ திரவம் கசிகிறது, அல்லது உள்ளிருக்கும் சீல் பழுதாகிவிட்டது. குழாயின் இரு முனைகளையும், காலிப்பரின் அடிப்பகுதியையும், பிடியின் ரப்பர் உறைக்கு உள்ளேயும் வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்க்க வேண்டும். ஈரம் தென்பட்டால் அந்த வண்டியில் ஒரு தெருவைக் கூடக் கடக்கலாகாது.

ரயிலில் சைக்கிளை ஏற்றி வந்தவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. சுமை வண்டியில் சைக்கிள் தலைகீழாகவோ படுக்கையாகவோ கிடந்திருந்தால், தொட்டியிலிருந்த சிறு காற்று குழாய்க்குள் இறங்கிவிடக்கூடும். இறக்கிய உடனே ஏறிச் செல்லாமல், வண்டியை நேராக நிறுத்தி, பிடியை மெதுவாகச் சிறுசிறு இழுப்பாகப் பலமுறை அசைக்க வேண்டும். குமிழி மேலேறித் தொட்டியை அடைந்துவிட்டால் பிடி பழைய உறுதியைப் பெறும். பெறாவிட்டால் திரவத்தை மாற்றிக் காற்றை நீக்குவது தவிர வேறு வழியில்லை.

இரண்டாவது குறி, பிடி உறுதியாகத்தான் நிற்கிறது. ஆனால் ஹாண்டில்பாரின் அருகே வந்த பிறகே நிற்கிறது. இங்கே முதலில் பேட்களின் தேய்மானத்தைக் காண வேண்டும். புதிய பேட்டில் உராயும் பொருள் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் கனம் இருக்கும். அது அரை மில்லிமீட்டராகக் குறைந்தால் மாற்றியே ஆக வேண்டும் என்பது ஷிமானோ நிறுவனத்தின் விதி. டிஸ்க்கும் தேயும். அந்நிறுவனத்தின் டிஸ்க் புதிதாக 1.8 மில்லிமீட்டர் கனம் உடையது; 1.5க்குக் குறைந்தால் கழித்துவிட வேண்டும். பேட்டை மாற்றியவர்கள் பலர் டிஸ்க்கை அளந்து பார்ப்பதில்லை. பேட்கள் சரியாக இருந்தும் பிடி நெடுந்தூரம் வருமாயின், சில பிடிகளில் தூரத்தைத் திருத்தும் சிறு திருகு உண்டு. அதைத் திருப்பிப் பார்க்கலாம்.

மூன்றாவது குறி, சக்கரம் சுழலும்போது கேட்கும் உரசல். இதற்கு மூன்று காரணங்கள் உள்ளன. உரசல் இடைவிடாமல் கேட்டால் காலிப்பர் நடுவில் அமையவில்லை, அல்லது ஒரு பிஸ்டன் திரும்பாமல் நின்றுவிட்டது. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை 'சிக், சிக்' என்று கேட்டால் டிஸ்க் வளைந்திருக்கிறது. சக்கரத்தைக் கழற்றி மாட்டியபின் திடீரென்று தோன்றினால் அச்சு சரியாக உட்காரவில்லை. முதலில் கடைசிக் காரணத்தையே சோதிக்க வேண்டும். ஏனெனில் அதற்குச் செலவு ஏதுமில்லை. வண்டியை நேராகத் தரையில் நிறுத்தி, அச்சைத் தளர்த்தி, சக்கரம் தன் எடையில் அமர்ந்தபின் மீண்டும் இறுக்கினால் போதும்.

காலிப்பரை நடுவில் அமைக்கும் முறையும் எளிதே. அதன் இரு போல்ட்களையும் சற்றே தளர்த்தி, பிடியை நன்றாக இழுத்துப் பிடிக்க வேண்டும். காலிப்பர் தானே டிஸ்க்குக்கு நேராக வந்து நிற்கும். பிடியை விடாமலே இரு போல்ட்களையும் மாறி மாறிச் சிறிது சிறிதாக இறுக்க வேண்டும். ஒன்றை முழுவதும் இறுக்கிவிட்டு மற்றொன்றுக்குச் சென்றால் காலிப்பர் மறுபடியும் கோணிக்கொள்ளும். பிறகு ஒரு வெள்ளைத் தாளைப் பின்னே பிடித்து, பேட்டுக்கும் டிஸ்க்குக்கும் இடையே இருபுறமும் கீற்றாக வெளிச்சம் தெரிகிறதா என்று பார்க்கலாம்.

ஒரு பக்கத்துப் பேட் மாத்திரம் நகர்ந்து, மறுபக்கம் அசையாமல் நின்றால் அந்தப் பிஸ்டனில் தூசி படிந்திருக்கிறது. டில்லியின் கோடைப் புழுதியில் இது அடிக்கடி நேருகிறது. இங்கே பலர் செய்யும் தவறு, அழுக்கோடு கூடிய பிஸ்டனை அப்படியே உள்ளே தள்ளுவது. அழுக்கு ரப்பர் வளையத்தைக் கீறிவிடும். சக்கரத்தையும் பேட்களையும் நீக்கி, ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் பிஸ்டனின் பக்கங்களைத் துடைத்த பிறகே, பிளாஸ்டிக் டயர் லீவரால் மெல்ல உள்ளே தள்ள வேண்டும். ஸ்குரூடிரைவர் கூடாது, சில பிஸ்டன்கள் பீங்கான் போன்ற பொருளால் ஆனவை, விளிம்பு உடைந்துபோகும்.

சக்கரம் இல்லாதபோது யாரேனும் பிடியை இழுத்துவிட்டால் பேட்கள் இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பிறகு டிஸ்க் நுழையாது. வீட்டில் குழந்தைகள் இருந்தால் இது தவறாமல் நடக்கும். பதற வேண்டாம். மேற்சொன்ன பிளாஸ்டிக் லீவரை இடையே செலுத்தி மெதுவாக விலக்கினால் போதும். சக்கரத்தைக் கழற்றியவுடன் டிஸ்க்கின் இடத்தில் ஒரு தடித்த அட்டைத் துண்டைச் செருகி வைப்பது நல்ல வழக்கம்.

நான்காவது குறி, கூச்சலும் வலுக்குறைவும். மழையில் நனைந்த டிஸ்க் சிறிது நேரம் கத்துவது இயல்பு; ஈரம் உலர்ந்ததும் அடங்கிவிடும். உலர்ந்த நாளிலும் கத்திக்கொண்டு, இழுத்தும் பிடிக்காமல் வழுக்கினால், பேட்டில் எண்ணெய் ஏறிவிட்டது என்று கொள்ள வேண்டும். இங்கேதான் பழைய வழக்கம் பகையாகிறது. பழைய சைக்கிளில் கிறீச்சென்று சத்தம் கேட்ட இடத்தில் ஒரு சொட்டு எண்ணெய் விடுவோம். மண்ணெண்ணெய்த் துணியால் துடைப்போம். டிஸ்க்கில் அவ்விதம் செய்தால் பேட்கள் எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும். அவை மீள்வது அரிது. சங்கிலிக்குத் தெளிக்கும் எண்ணெயின் தூவலும், வண்டி கழுவுமிடத்தில் பளபளப்புக்காக அடிக்கும் பாலிஷும் டிஸ்க்கைக் கெடுக்கும். தலைக்கு எண்ணெய் தேய்த்த கையால் தொட்டாலும் கேடுதான். டிஸ்க்கை ஐசோப்ரொபைல் ஆல்கஹாலால் துடைத்துச் சுத்தமாக்கலாம். பேட்டின் முகம் கண்ணாடி போல் மினுங்கினால் மட்டும் உப்புத்தாளில் இலேசாகத் தேய்த்துப் பார்க்கலாம். எண்ணெய் ஊறியதாயின் புதியது வாங்குவதே அறிவுடைமை. அடுப்பில் சுட்டு எண்ணெயைப் போக்கலாம் என்று சிலர் கூறுவர். உயிரைத் தாங்கும் பொருளில் அத்தகைய சிக்கனம் வேண்டாம்.

புதிய பேட்களைப் போட்டவுடன் மலைச் சாலைக்குப் போகலாகாது. போக்குவரத்தில்லாத இடத்தில் மணிக்கு 25, 30 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நடை வேகத்திற்கு, முழுவதும் நிறுத்தாமல், சுமார் 20 முறை மெல்லக் குறைத்துப் பழக்க வேண்டும். பேட்டின் பொருள் டிஸ்க்கின் மேல் சீராகப் படிந்த பிறகே முழு வலிமை பிறக்கும். இதைச் செய்யாதவர்களே "புது பேட் போட்டும் பிரேக் பிடிக்கவில்லை" என்று குறைப்படுகின்றனர்.

இவை யாவும் சமதரையில் தொல்லைகள், மலையிறக்கத்திலோ ஆபத்துக்கள். ஒரு கணக்கைப் பாருங்கள். முசூரியிலிருந்து டேராடூனுக்கு இறங்கும்போது சுமார் 1,300 மீட்டர் உயரம் குறைகிறது. ஆளும் வண்டியுமாக 85 கிலோகிராம் எடை இவ்வளவு உயரம் இறங்கினால் வெளிப்படும் சக்தி ஏறத்தாழ 10 லட்சத்து 80 ஆயிரம் ஜூல். மூன்று லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க அது போதும். ஒரு பகுதியைக் காற்று வாங்கிக்கொள்கிறது. மற்றது நூறு, நூற்றைம்பது கிராம் எடையுள்ள இரு மெல்லிய தட்டுகளில்தான் வெப்பமாக இறங்க வேண்டும். ஆகவே இறக்கத்தில் பிரேக்கைத் தொடர்ந்து தேய்த்துக்கொண்டே வருவது தவறு. வளைவுக்கு முன்னே உறுதியாகப் பிடித்து வேகத்தைக் குறைத்து, பின்னர் விட்டுவிட வேண்டும். விட்ட இடைவேளையில் தட்டு குளிரும்.

இச்சாலையில் நமக்கு நேர்ந்த ஒன்றைக் கூறுகிறோம். புறப்படுவதற்குச் சில வாரங்களுக்கு முன் டில்லியில் ஒரு பணிமனையில் பின் பிரேக்கின் திரவத்தை மாற்றச் சொல்லியிருந்தோம். பணி முடிந்தபோது பிடி உறுதியாக இருந்தது, மகிழ்ந்தோம். இரண்டு வாரம் சென்றபின் பிடி சற்றுச் சோம்பலாகத் திரும்புவதைக் கவனித்தோம். கையுறை தடித்ததென்று நமக்கு நாமே சமாதானம் கூறிக்கொண்டோம். சக்கரம் இலேசாக உரசியது. புழுதி என்று எண்ணினோம்.

முசூரியில் லைப்ரரி சௌக்கை விட்டு நண்பர் ஒருவரும் நாமும் இறங்கத் தொடங்கினோம். சில கிலோமீட்டர் சென்றதும் வண்டி இறக்கத்திலேயே கனப்பது போல் தோன்றிற்று. எரிந்த நாற்றம் ஒன்று எழுந்தது. நிறுத்திப் பார்க்க வேண்டும் என்று எண்ணுவதற்குள் ஒரு வளைவு வந்தது. கீழிருந்து ஒரு பஸ்ஸும் வந்தது. பின் பிரேக்கை ஒருமுறை தொட்டு விட்டோம். பிடி திரும்பவில்லை. பின்சக்கரம் தானே பற்றிக்கொண்டு பக்கவாட்டில் சறுக்கிற்று. முன் பிரேக்கின் உதவியால், சாலையோரத்துக் கைப்பிடிச் சுவரில் கால் ஊன்றி நின்றோம். பஸ் நம்மைக் கடந்து போயிற்று. நண்பர் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. எஞ்சிய வழியை நடந்தும், ஒரு சிறு லாரியில் ஏறியும் கடந்தோம்.

டேராடூனில் வயதான மெக்கானிக் ஒருவர் காலிப்பரைத் திறந்து, உள்ளிருந்த ரப்பர் வளையத்தை ஊசியால் எடுத்து நம் உள்ளங்கையில் வைத்தார். அது வெயிலில் கிடந்த பழம் போல் உப்பி, மெத்தென்று இருந்தது. "எந்த எண்ணெய் ஊற்றினீர்கள்?" என்று கேட்டார். "பிரேக் ஆயில்" என்றோம். அவர் சிரிக்கவில்லை. பிரேக்கின் உடலிலேயே பொறித்திருந்த எழுத்துக்களைச் சுட்டிக் காட்டினார். மினரல் ஆயில் தவிர வேறெதுவும் ஊற்றலாகாது என்று அதில் எழுதியிருந்தது.

சைக்கிள் பிரேக்கில் இருவகைத் திரவங்கள் பயன்படுகின்றன. ஒன்று மினரல் ஆயில். மற்றொன்று மோட்டார் வண்டிகளில் ஊற்றும் டாட் வகைத் திரவம். டாட் 4, டாட் 5.1 என்பன அதன் தரங்கள். ஒன்றுக்கென அமைந்த ரப்பர் மற்றொன்றில் ஊறினால் உப்பிக் கெட்டுவிடும். ஒரு நாளில் கெடாது; சில வாரங்கள் வரையில் நன்றாகவே இருப்பது போல் காட்டும். அதுதான் இதன் வஞ்சகம். பிறகு கழுவினாலும் பயனில்லை. சீல்களையெல்லாம், பெரும்பாலும் பிடியையும் காலிப்பரையும் முழுவதுமே, மாற்ற வேண்டியிருக்கும். எமக்கும் அவ்வாறே ஆயிற்று.

பணிமனையை மட்டும் குறைகூற நமக்கு மனம் வரவில்லை. அங்கிருந்த இளைஞனிடம் "பிரேக் ஆயில் மாற்று" என்று சொன்னவர்கள் நாமே. தமிழிலும் சரி, ஹிந்தியிலும் சரி, கடைத்தெருவில் "பிரேக் ஆயில்" என்றால் மோட்டார் வண்டிக்கு ஊற்றும் டாட் திரவத்தையே குறிக்கிறார்கள். அவன் கேட்டதைக் கொடுத்தான். மத்திய அரசு அலுவலகத்தில் மொழிபெயர்ப்பதையே தொழிலாகக் கொண்டவர் நாம். ஒரு சொல் இரு பொருள்களைக் குறித்தால் எத்தகைய குழப்பம் விளையும் என்பதைத் தினந்தோறும் காகிதத்தில் காண்கிறோம்; அடிக்குறிப்பு எழுதித் தெளிவாக்குகிறோம். சொந்த உயிர் தொங்கும் இடத்தில் அந்தச் சொல்லை ஆராயாமல் வழங்கிவிட்டோம். அன்று முதல் திரவத்தின் முழுப் பெயரையும் ஒரு சீட்டில் எழுதி வண்டியில் கட்டியே பணிமனைக்கு அனுப்புகிறோம்.

ஷிமானோ, கம்பாக்னோலோ பிரேக்குகளுக்கு மினரல் ஆயில். ஸ்ராம் நிறுவனத்தின் சாலைப் பிரேக்குகள் பெரும்பாலும் டாட் திரவத்துக்கென அமைந்தவை. ஆயினும் நிறுவனத்தின் பெயரை மட்டும் நம்ப வேண்டாம். ஒரே நிறுவனம் இரு வகைகளையும் செய்வதுண்டு. பிடியிலும் காலிப்பரிலும் பொறித்திருப்பதைப் படியுங்கள். டாட் 5 என்று வேறொன்று உண்டு. அது சிலிக்கோன் வகை. எண் நெருங்கியிருப்பதைக் கண்டு 5.1க்குப் பதிலாக அதை ஊற்றலாகாது.

டாட் திரவத்திற்கு மற்றொரு குணமும் உண்டு. அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். புதிய டாட் 4 திரவத்தின் கொதிநிலை 230 டிகிரிக்குக் குறையலாகாது என்பது விதி. ஈரம் ஏறியபின் 155 வரை இறங்குவதை அந்த விதியே ஏற்கிறது. திரவம் கொதித்தால் ஆவி உண்டாகும். ஆவியும் காற்றைப் போலவே சுருங்கும். பிடி வெறுமையாக வந்து ஹாண்டில்பாரில் இடிக்கும். ஆகவே டாட் திரவத்தை ஆண்டுக்கொரு முறையேனும் மாற்றுவது நலம். நம் நாட்டு மழைக்காலத்தில் திறந்து வைத்த பாட்டிலை மறு ஆண்டுக்குச் சேமிக்கலாகாது. அது வண்ணப் பூச்சை அரிக்கும், தோலுக்கும் ஆகாது, ஆகவே கையுறை அணிய வேண்டும்.

திரவத்தை மாற்றிக் காற்றை நீக்கும் முறை நிறுவனத்துக்கு நிறுவனம் சற்று வேறுபடும். பொதுவாகச் சக்கரத்தையும் பேட்களையும் நீக்கி, பிஸ்டன்களுக்கு இடையே ஒரு கட்டையைச் செருகி, கீழே காலிப்பரிலிருந்து சிரிஞ்சால் திரவத்தை மேலே தள்ள வேண்டும். மேலே பிடியில் பொருத்திய புனலில் குமிழிகள் வந்து உடையும். குழாயை விரலால் தட்டிக்கொண்டே இருந்தால் ஒட்டியிருக்கும் குமிழிகளும் கிளம்பும். பேட்களை முதலிலேயே வெகு தூரம் எடுத்து வைக்க வேண்டும். ஒரு சொட்டுத் திரவம் பட்டால் அவை வீண். முதன்முறை இதைச் செய்பவர் அறிந்தவரை அருகில் வைத்துக்கொள்வது நல்லது.

வீட்டில் செய்யக்கூடியவை எவை, பணிமனைக்கு விட வேண்டியவை எவை என்று யாரேனும் கேட்டால், இவ்வாறு பிரித்துக் கூறுவோம். அச்சை உட்கார்த்துவது, காலிப்பரை நடுவில் அமைப்பது, பிஸ்டனைத் துடைப்பது, பேட் மாற்றுவது ஆகியவை பொறுமையுள்ள எவரும் செய்யத்தக்கவை. கசிவு, திரும்பாத பிடி, உப்பிய சீல், வெடித்த குழாய் ஆகியவை தேர்ந்தவரிடம் செல்ல வேண்டியவை; செல்லும் வரையில் வண்டியை உருட்டிச் செல்வதே முறை.

இறுதியாக ஒன்று. ஒவ்வொரு நாளும் ஏறுமுன் இரு பிடிகளையும் இழுத்து, வண்டியை ஒருமுறை முன்னே தள்ளிப் பாருங்கள். பிடி உறுதியாக நிற்கிறதா, விட்டதும் உடனே திரும்புகிறதா என்று மட்டும் கவனியுங்கள். பத்து வினாடி வேலை. பிடி சோம்பலாகத் திரும்பிய அந்த இரண்டு வாரங்களில் ஒரு நாளாவது நாம் அதைப் பொருட்படுத்தியிருந்தால், முசூரிச் சாலையில் அந்தச் சுவருக்கு வேலை இருந்திராது.